நின்று கேட்கும் சங்கீதம்

வியன்னா நகரத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் தங்க முலாம் பூசிய அரண்மனையிலோ, வால்ட்ஸ் நடனத்திலோ, இரட்டைக் குதிரை வண்டியிலோதான் ஆரம்பிப்பது வழக்கம். நாம் ஒரு 'க்யூ'விலிருந்து ஆரம்பிப்போம்.

ஆஸ்திரியாவின் தலைநகரான அந்த ஊரில், ரிங் என்ற அகன்ற சாலையின் ஓரத்தில், ஸ்டேட் ஆபரா என்னும் சங்கீத நாடக மாளிகை இருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அதன் முன்வாசலில் கார்கள் வந்து நிற்கும். தரையைப் பெருக்கும் கவுனும் தோளில் பட்டுச் சால்வையுமாகச் சீமாட்டிகள் இறங்குவார்கள். அவர்கள் உட்காரப்போகும் நல்ல நாற்காலி ஒன்றின் விலை இருநூறு யூரோவுக்கு மேல். நம் ரூபாயில் இருபதாயிரம் சுமார். "அம்மாடி! நமக்கு இது கட்டாது" என்று நீங்கள் திரும்பிப் போய்விட வேண்டாம். அப்படியே பக்கத்துத் தெருப் பக்கமாகத் திரும்புங்கள். அங்கே இன்னொரு வாசல் இருக்கிறது. அதன் எதிரில் நிற்கிறவர்களைப் பாருங்கள். சங்கீதம் படிக்கும் மாணவிகள், ரிடையர் ஆன பள்ளிக்கூட வாத்தியார், கையில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டியம்மாள், வெளியூரிலிருந்து முதுகில் மூட்டையோடு வந்த பிள்ளைகள். இவர்கள் வாங்கப்போவது 'ஷ்டேப்ளாட்ஸ்'. அதாவது, நிற்பதற்கு ஓர் இடம். விலை, நல்ல நாற்காலியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

நிற்கும் இடம் என்றதும் ஏதோ மூலையில், தூணுக்குப் பின்னால் என்று நினைத்துவிடாதீர்கள். மாளிகையின் நட்ட நடுவே, பழைய காலத்தில் சக்கரவர்த்தி உட்கார்ந்து பார்த்த மாடத்திற்கு நேர் கீழேதான் அந்த இடம். மேடைக்கு நேர் எதிர். சக்கரவர்த்திக்கு என்ன தெரிந்ததோ, என்ன கேட்டதோ, அதுவே பாட்டியம்மாளுக்கும் தெரியும், கேட்கும். படிப்படியாக இறங்கும் தளத்தில் வரிசை வரிசையாகச் சாய்ந்துகொள்ளக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள். பாட்டின் அர்த்தத்தைக் காட்டுவதற்குச் சிறு திரைகளும் உண்டு. உள்ளே போனதும் ரசிகர்கள் செய்கிற முதல் காரியம், கழுத்திலுள்ள துணியை அவிழ்த்துத் தங்கள் இடத்துக் கம்பியில் ஒரு முடிச்சுப் போடுவது. முடிச்சுப் போட்டாயிற்றென்றால் அந்த இடம் அவருடையது. அதற்கப்புறம் சாவகாசமாக வெளியே போய் வரலாம். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தச் சாஸ்திரம் ஐரோப்பாவிலும் பலகாலமாக நடந்துவருகிறது!

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பாட்டில் சுருதி பிசகினால் முதலில் முகத்தைச் சுளிப்பது நாற்காலிக்காரர்கள் அல்ல, நிற்கிறவர்கள்தாம். ஒரே நாடகத்தை இருபது தடவை, முப்பது தடவை கேட்டவர்கள் அங்கே உண்டு. பாடகர்கள் பயப்படுவதும் அவர்களுக்குத்தான். நான்கு மணி நேரம் கால் கடுக்க நிற்கச் சம்மதிக்கிறவனுக்குச் சங்கீதத்தின் மேல் இருக்கும் பிரியத்தைச் சந்தேகிக்க முடியுமா?

இந்த மாளிகையின் கதையே ஒரு நாடகம்தான். வான் டெர் நூல், ஸிக்கார்ட்ஸ்புர்க் என்று இரண்டு சிற்பிகள் கட்டினார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே ரிங் சாலையின் மட்டம் உயர்த்தப்பட்டதால், கட்டிடம் பூமிக்குள் அழுந்தினாற்போல் தோன்றிற்று. பத்திரிகைகளும் ஊர்வாயும் சும்மா இருக்குமா? "மூழ்கிப்போன பெட்டி" என்று பரிகாசம் செய்தார்கள். 1868-ல் வான் டெர் நூல் தூக்குப் போட்டுக்கொண்டார். சில வாரங்களுக்குள் நோய்வாய்ப்பட்டிருந்த நண்பரும் இறந்தார். 1869-ல் மொஸார்ட்டின் 'டான் ஜியோவானி' நாடகத்துடன் மாளிகை திறக்கப்பட்டபோது கட்டியவர்கள் இருவருமே இல்லை. பரிகாசத்தில் தாமும் சேர்ந்துகொண்டோமே என்று பிரான்ஸ் ஜோஸப் சக்கரவர்த்தி நடுங்கிப்போனாராம். அப்புறம் சாகும்வரை எதைக் காட்டினாலும், "ரொம்ப அழகு, ரொம்ப சந்தோஷம்" என்பதற்கு மேல் அவர் அபிப்பிராயம் சொன்னதில்லை என்பார்கள்.

1945 மார்ச் 12-ம் தேதி அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் மாளிகை பற்றி எரிந்தது. மேடை போயிற்று, சபை போயிற்று, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் நாடக உடைகள் சாம்பலாயின. முகப்பும் பெரிய மாடிப்படியுமே மிச்சம். தோற்ற தேசத்தில் ரொட்டியே அளந்து கொடுத்த காலம் அது. ஊரை நான்கு வல்லரசுகள் பங்கு போட்டு ஆண்டுகொண்டிருந்தன. அப்படியிருந்தும் மாளிகையைத் திரும்பக் கட்டினார்கள். 1955 அக்டோபரில் அந்நியப் படைகள் வெளியேறின. நவம்பர் 5-ம் தேதி கதவு திறந்தது. அன்றைக்கு எந்த நாடகம் தெரியுமா? பீத்தோவன் எழுதிய ஒரே ஆபராவான 'பிடேலியோ'. அநியாயமாகச் சிறையில் அடைபட்ட கணவனை, மனைவி ஆண் வேஷம் பூண்டு, சிறைக்காவலனிடம் வேலைக்கு அமர்ந்து, நிலவறைக்குள் இறங்கி மீட்டுக்கொண்டு வருகிற கதை. நம் சாவித்திரி யமனோடு வாதாடினாள். இந்த லெனோரா கையில் துப்பாக்கியுடன் குறுக்கே நின்றாள். டிக்கெட் கிடைக்காத ஜனங்கள் வெளியே தெருவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

ஆனால் சபையில் நிற்கக் கிடைத்த இடம், மேடையோரத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கிடைத்ததா? பெண்களைப் பற்றித்தான் கேட்கிறேன். இந்த மாளிகையின் வாத்தியக்காரர்களே சேர்ந்து நடத்தும் சபைதான் உலகப் பிரசித்தி பெற்ற வியன்னா பில்ஹார்மானிக். 1842-ல் ஆரம்பித்தது. அதில் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது 1997-ல்! நூற்று ஐம்பத்தைந்து வருஷம் யோசித்திருக்கிறார்கள். முதல் அங்கத்தினரான அன்னா லெல்கெஸ் என்ற அம்மாள் அதற்கு முன்பே இருபது வருஷத்துக்கும் மேலாக அவர்களுடன் ஹார்ப் வாசித்துவந்தவர். வாசிக்கலாம்; அங்கத்தினர் ஆகக்கூடாது! பாட்டு நன்றாயிருக்கிறது என்பதற்காகப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் நியாயஸ்தர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிற்பாடு அல்பெனா டானைலோவா என்ற பெண்மணி முதல் வயலின்காரர்களின் தலைமை ஸ்தானத்திலேயே அமர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிற்பதற்குக் காலில் பலமில்லை என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. வசந்த காலத்திலும் செப்டம்பரிலும் பல நாட்களில், உள்ளே நடக்கும் நாடகத்தை அந்த நிமிஷமே வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் காட்டுகிறார்கள். நாற்காலி போட்டிருக்கும். காசு கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் மாளிகைக்கு விடுமுறை. அப்போது நகரசபைக் கட்டிடத்தின் எதிர் மைதானத்தில் இசைப் படங்கள் காட்டுவார்கள். அதற்கும் காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அகஸ்டீன் மாதா கோயிலுக்குப் போனால், ஹைடன், மொஸார்ட், ஷூபர்ட் இவர்கள் பூஜைக்கென்றே எழுதிய சங்கீதத்தை முழு வாத்திய கோஷ்டியுடன் பூஜையின் நடுவிலேயே கேட்கலாம். உண்டியலில் மனம்போல் போடுவது. அங்கே மட்டும் கைதட்டக்கூடாது, கச்சேரியல்ல, வழிபாடு.

இவ்வளவு தாராளம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது? முக்கால்வாசி, அரசன் தனக்கென்று வைத்திருந்ததைத் திறந்துவிட்டதனால் வந்தது. மேரியா தெரீஸா மகாராணியின் மகன் இரண்டாம் ஜோஸப் என்று ஒரு சக்கரவர்த்தி. பிரான்ஸில் தலையிழந்த மேரி அந்துவானெத்துக்கு அண்ணன். அரச குடும்பத்தார் வேட்டையாடுவதற்கென்று ப்ராட்டர் என்ற பெரிய காடு இருந்தது. 1766-ல் அதை யார் வேண்டுமானாலும் வந்து உலாவலாம் என்று திறந்துவிட்டார். 1775-ல் அவுகார்ட்டன் என்ற அரண்மனைத் தோட்டத்தையும் திறந்தார். எல்லா மனிதருக்கும் உரிய களிப்பிடம் இது, அவர்களை மதிப்பவன் அளித்தது என்ற பொருளில் வாசலின் மேல் எழுதி வைத்தார். இன்றைக்கும் அந்த எழுத்து அங்கே இருக்கிறது.

பிரபுக்களுக்கு இது பிடிக்கவில்லை. "கண்டவர்களும் வருகிற இடத்தில் நாங்கள் எப்படி உலாவுவது? எங்களுக்குச் சமமானவர்கள் மட்டும் வருகிற இடம் வேண்டாமா?" என்று ஒரு சீமாட்டி குறைப்பட்டுக்கொண்டாளாம். அதற்கு ஜோஸப், "எனக்குச் சமமானவர்களோடுதான் உலாவ வேண்டுமென்றால், நான் கப்பூச்சின் நிலவறையில் போய்த்தான் உலாவ வேண்டும்" என்றாராம். கப்பூச்சின் நிலவறை என்பது அரச பரம்பரையின் சவப்பெட்டிகளை அடுக்கியிருக்கிற இடம்! கதை நிஜமோ, பிற்பாடு கட்டியதோ, அந்த நிலவறையைப் போய்ப் பாருங்கள். மேரியா தெரீஸாவும் அவள் கணவரும் சேர்ந்திருக்கிற பெட்டி ஒரு கட்டில் அளவு. ஏராளமான சிற்ப வேலை. அதன் காலடியில் ஒரு வெறும் செப்புப் பெட்டி, ஓர் அலங்காரமும் இல்லாமல். அதுதான் ஜோஸப். சிக்கனத்தில் அவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விடுவார். அடியில் கதவு வைத்து, பிரேதத்தைக் குழியில் இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப உபயோகிக்கிற சவப்பெட்டியைப் பிரஜைகளுக்குக் கட்டாயமாக்கி 1784-ல் ஓர் உத்தரவு போட்டார். ஊரே கொதித்தெழுந்தது. அடுத்த வருஷம் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ப்ராட்டர் காட்டின் நடுவே நேர்க்கோடு போட்டாற்போல நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சாலை. இரு மருங்கும் குதிரைச் செஸ்ட்நட் மரங்கள். வசந்தத்தில் ஒவ்வொரு கிளையிலும் வெள்ளைப் பூங்கொத்து மெழுகுவத்தி ஏற்றிவைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். ஓடுகிறவர்கள் ஓடுவார்கள், தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளுகிறவர்கள் தள்ளுவார்கள். ஓரத்தில் 1897-ல் நிறுவிய ராட்சத ராட்டினம். 'தி தர்ட் மேன்' என்ற 1949-ம் வருஷத்துப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 65 மீட்டர் உயரம். யுத்தத்தில் எரிந்ததைத் திரும்பக் கட்டியபோது முப்பது பெட்டிக்குப் பதில் பதினைந்தே மாட்டினார்கள். ஏறுவதற்குக் கட்டணம் கொஞ்சம் கடுசு. என்னைக் கேட்டால், கீழே புல்லில் உட்கார்ந்து அது மெள்ளச் சுழல்வதைப் பார்ப்பதே போதும்.

சரி, சித்திரங்களுக்கு வருவோம். ரிங் சாலையில் 1891-ல் திறந்த பெரிய சித்திரசாலை இருக்கிறது. உள்ளே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முயலாதீர்கள். கண் பூத்துப்போகும். கால் வீங்கும். நேரே மாடிக்குப் போய் ப்ரூகல் அறை எங்கே என்று விசாரியுங்கள். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன் பிளாண்டர்ஸ் தேசத்தில் வாழ்ந்த பீட்டர் ப்ரூகலின் சித்திரங்கள் பன்னிரண்டு அங்கே இருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் அவருடைய படங்கள் இத்தனை ஒன்றாகக் கிடையாது. நடுவே உட்காரச் சாய்வு ஆசனம் உண்டு. ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

'குழந்தைகள் விளையாட்டு' என்ற படம், 1560-ல் எழுதியது. ஒரு தெரு முழுக்கக் குழந்தைகள், இருநூற்றுக்கு மேல். எண்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை எண்ணியிருக்கிறார்கள். இடது கைப்பக்கம் கீழ் மூலையில் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். ஐந்தாங்கல்! கல்லுக்குப் பதில் ஆட்டு எலும்பு; அவ்வளவுதான் வித்தியாசம். பச்சைக் குதிரை தாண்டுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு துழாவுகிறார்கள். பம்பரம் விடுகிறார்கள். வளையம் உருட்டுகிறார்கள். அந்தத் தெருவில் நடந்துபோக உங்களுக்கு வழிகாட்டி வேண்டாம்.

பக்கத்திலேயே 'குடியானவர் கல்யாணம்'. ஒரு களஞ்சியத்தில் பந்தி நடக்கிறது. கீல் கழற்றிய கதவு ஒன்றைத் தூக்குப் பலகையாக்கி, அதில் கஞ்சிக் கிண்ணங்களை அடுக்கி இரண்டு பேர் சுமந்து வருகிறார்கள். பரிமாறுகிறவர் உட்கார்ந்தபடியே எட்டி எட்டிக் கிண்ணங்களை எடுத்து வைக்கிறார். சிவப்புச் சட்டைக்காரருக்கு எத்தனை கால் என்று எண்ணிப் பாருங்கள். கதவுக்கு அடியில் ஒரு பாதம் உபரியாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது யாருடையது என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். முன்னால் தரையில், தன் தலையைவிடப் பெரிய தொப்பியும் மயிலிறகுமாக ஒரு குழந்தை கிண்ணத்தை வழித்து விரலை நக்கிக்கொண்டிருக்கிறது. பச்சைத் திரையின் முன்னே கல்யாணப் பெண். கண்ணை மூடி, கையைக் கோத்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை இரைச்சலுக்கும் மத்தியில் அவள் ஒருத்திதான் சும்மா இருக்கிறாள். சந்தோஷமா, களைப்பா, பயமா என்று ப்ரூகல் சொல்லவில்லை. சமைத்துப் பரிமாறி ஓய்ந்த எந்தப் பெண்ணும் அந்தப் படத்தின் முன் கொஞ்சம் நின்றுதான் போவாள். இங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் 2010 முதல் பத்தொன்பது வயது நிரம்பாதவர்களுக்கு இலவசம். அரசாங்கத்தின் மற்றப் பெரிய மியூஸியங்களிலும் அப்படியே.

மியூஸியத்திலிருந்து வெளியே வந்தால் காபி வேண்டாமா? வியன்னாவின் காபி விடுதிகளில் காபியின் விலை மலிவு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வாங்குவது காபியை அல்ல, மேஜையை. ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்துவிட்டு மத்தியானம் முழுவதும் உட்காரலாம். மரச்சட்டத்தில் கோத்த பத்திரிகைகள் சுவரில் மாட்டியிருக்கும், எடுத்துப் படிக்கலாம். 'மெலாஞ்ச்' என்றால் பாதி காபி, பாதி நுரைத்த பால், நமக்குச் சரிப்படும். சின்ன வெள்ளித் தட்டில் கோப்பை, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். ஸென்ட்ரல் என்ற விடுதியில் பீட்டர் ஆல்டன்பர்க் என்ற எழுத்தாளர் குடியிருந்தார் என்றே சொல்லலாம். கடிதங்கள்கூட அந்த விலாசத்துக்குத்தான் வரும். இப்போதும் அவருடைய பொம்மை வாசலருகே உட்கார்ந்திருக்கிறது. இத்தனை சுகமும் நீண்ட காலம் ஆண்களுக்கு மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, விடுதியில் பெண்ணுக்கு இருந்த ஒரே இடம் கல்லாப் பெட்டியின் பின்புறம்தான்.

அந்தக் கல்லாவைத் தாண்டி ஒரு பெண்மணி ஊரையே ஆண்டார் என்றால் அது ஹவெல்கா விடுதியில். லியோபோல்ட் ஹவெல்காவும் மனைவி ஜோஸபீனும் 1939-ல் ஆரம்பித்தது. யுத்தத்துக்குப் பின் காசில்லாத சித்திரக்காரர்களும் கவிகளும் வந்து குந்தும் இடமாயிற்று. ராத்திரியானால் அம்மாள் அடுப்பிலிருந்து சுடச்சுட 'பூஹ்டெல்ன்' எடுத்துவருவார். ஈஸ்ட் சேர்த்துப் பொங்கின மாவில் பிளம் பழப் பாகு அடைத்துச் சுட்டுச் சர்க்கரை தூவிய பணியாரம். (முட்டை சேர்ந்தது, சைவ நேயர்கள் கவனிக்கவும்.) எந்த மேஜையில் இடம் இருக்கிறது, யாரை யாரோடு உட்கார வைக்கலாம் என்பதெல்லாம் அந்த அம்மாளின் உத்தரவு. 2005-ல் அவர் காலமானார். கணவர் நூறு வயது வாழ்ந்து 2011-ல் போனார். குடும்பத்தார் நடத்துகிறார்கள். பூஹ்டெல்ன் இன்னும் ராத்திரியில்தான்.

காபியோடு வரும் அந்தத் தம்ளர் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரால் வயிற்று நோய்கள் பரவிக்கொண்டிருந்த நகரம் அது. எடுவர்ட் ஸூஸ் என்ற பூகர்ப்ப சாஸ்திரி பிடிவாதம் பிடித்து, ஆல்ப்ஸ் மலைச் சுனைகளிலிருந்து வாய்க்கால் கட்டுவித்து 1873-ல் ஊருக்குள் கொண்டுவந்தார். சரிவிலேயே ஓடி வருகிறது. இன்றும் ஊர் குடிப்பது மலைச்சுனை நீர்தான். தெருவெங்கும் குழாய்கள் உண்டு. பாட்டில் தண்ணீருக்குக் காசு செலவழிப்பது அங்கே அசட்டுத்தனம்.

இன்னொரு கேள்வி உங்கள் மனத்தில் எழுந்திருக்கும். டிக்கெட் மலிவாயிருந்தால் போதுமா, அதை வாங்கவும் நிற்கவும் பெண்களுக்கு ஓய்வு எது? இதற்குப் பதில் தேடி டிராமில் ஹைலிகன்ஷ்டாட் வரை போகலாம். அங்கே கார்ல் மார்க்ஸ் ஹோப் என்ற கட்டிடம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நகரசபை 1927 முதல் 1930 வரை தொழிலாளிகளுக்காகக் கட்டியது. 1,382 வீடுகள். பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் வரி போட்டு அந்தப் பணத்தில் கட்டினார்கள். நடுவில் தோட்டம், குழந்தைகள் பள்ளி, குளிக்கும் அறைகள், பொதுச் சலவைக்கூடம். நீராவி இயந்திரங்கள் வைத்த சலவைக்கூடம்! வீட்டில் நாட்கணக்கில் தோய்த்ததை ஒரே நாளில் தோய்த்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. பெண்களின் மானத்தைக் காப்பாற்ற இந்த ஏற்பாடாம். தோய்க்கும் வேலையிலிருந்து ஆண்களையும் காப்பாற்றிவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை! 1934-ல் உள்நாட்டுச் சண்டையில் ராணுவம் இந்தச் சுவர்களைப் பீரங்கியால் சுட்டது. சுவர்கள் நிற்கின்றன, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். இப்போதும் வியன்னாவாசிகளில் பாதிப்பேர் நகரசபை வீடுகளிலோ அரசு உதவி பெற்ற வீடுகளிலோதான் இருக்கிறார்கள். வாடகைக்குப் போக மிச்சம் இருந்தால்தானே சங்கீதம்?

பெல்வெடேர் அரண்மனைக்குப் போனால் க்ளிம்ட் எழுதிய 'முத்தம்' என்ற தங்க ரேக்குப் படத்தின் எதிரில் கூட்டம் நெருக்கித் தள்ளும். அதே இடத்தில் 2006 வரை க்ளிம்ட்டின் இன்னொரு பெண்மணி இருந்தாள். அடெல் ப்ளாக்-பவர் என்ற யூத மாது. அவளும் தங்கத்தில் இழைத்தவளே. அவள் 1925-ல் இறந்தாள். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது கணவர் உயிர் தப்பி ஓடினார். நாஜிகள் வீட்டையும் படங்களையும் பறித்தார்கள். அடெலின் படத்தைப் பெயரைச் சொல்லாமல் 'தங்கத்தில் ஒரு மாது' என்று காட்டினார்கள். அவளுடைய உடன்பிறந்தார் வழியில் மிஞ்சியவர்களுள் ஒருத்தி மரியா ஆல்ட்மன். அமெரிக்காவுக்குத் தப்பிப்போய், லாஸ் ஏஞ்சலஸில் பெண்கள் உடை விற்றுப் பிழைத்தவள். எண்பது வயதுக்கு மேல் அவள் வழக்குப் போட்டாள். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய், கடைசியில் 2006-ல் வியன்னா மத்தியஸ்தர்களே அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். சித்தியின் படம் இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. வியன்னாக்காரர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். படம் போனதற்கு வருத்தப்பட்டது சரி. அது வந்த வழிக்கு இன்னும் முன்பே வருத்தப்பட்டிருக்கலாம்.

கடைசியாக 71-ம் நம்பர் டிராமில் ஏறுங்கள். "அவர் 71-ல் ஏறிவிட்டார்" என்று அந்த ஊரில் சொன்னால், காலமாகிவிட்டார் என்று அர்த்தம்! டிராம் போகுமிடம் மத்தியக் கல்லறைத் தோட்டம். 1874-ல் திறந்தது. இரண்டாவது வாசலில் இறங்கினால் பீத்தோவன், ஷூபர்ட், ப்ராம்ஸ், ஜோஹன் ஸ்ட்ராஸ் எல்லோரும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். நடுவில் மொஸார்ட்டுக்கு ஒரு ஞாபகச் சின்னம் மட்டுமே. அவர் வேறிடத்தில் புதைக்கப்பட்டார். பீத்தோவன் காலடியில் எந்த நாளும் யாரோ பூ வைத்திருப்பார்கள்.

திரும்பும்போது முதல் வாசலிலும் இறங்கிவிட்டு வாருங்கள். அது பழைய யூதப் பகுதி. வியன்னாவின் சபைகளுக்கும் காபி மேஜைகளுக்கும் சித்திரசாலைகளுக்கும் பணமும் உயிரும் கொடுத்த குடும்பங்கள் பல அங்கே உறங்குகின்றன. அந்தப் பக்கம் பூ அதிகம் இராது. வைக்க வேண்டியவர்கள் துரத்தப்பட்டார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள். கற்கள் சாய்ந்திருக்கும், ஐவிக் கொடி பெயர்களின் மேல் படர்ந்திருக்கும். சத்தம் செய்யாமல் நடந்தால் மான்கள் தென்படும். கற்களுக்கிடையே மேய்ந்துகொண்டிருக்கும், உங்களைக் கண்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயும்.